தாள் தையலில் துணி எங்கே போகிறது?

துணித் துண்டுகளைத் தாள்மேல் வைத்துத் தைக்கும் பேப்பர் பீசிங்கில் ஒரு பிளாக்கை, அதாவது குவில்ட் எனப்படும் ஒட்டுப்போர்வையின் ஒரு கட்டத்தை, தைத்து முடித்ததும் மேசைக்கடியில் இருக்கும் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். நாடா மாதிரி மெல்லிய சீவல்கள் மட்டும் விழுந்தால், வெட்டியவர் கணக்காக வெட்டியிருக்கிறார். உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணங்கள் விழுந்தால், அந்த பிளாக்குக்குத் தேவையான துணியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு செலவாகியிருக்கிறது. மூன்று மடங்கு என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. கணக்கு கீழே வருகிறது.

முறையைப் பற்றி முதலில் நாலு வரி. வடிவத்தைத் தாளில் அச்சிட்டு, தைக்கவேண்டிய வரிசைப்படி ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டிருப்பார்கள். துணி தாளின் வெற்று முகத்தில் இருக்கும். தைப்பதோ அச்சு முகத்தில், கோட்டின் மேலேயே. முதல் துண்டின் உள்பக்கம் தாளோடு ஒட்டியிருக்கும். இரண்டாவது துண்டை அதன்மேல் முகத்தோடு முகம் வைத்துத் தைத்து, புரட்டி, இஸ்திரி போட்டால் அது தன் இடத்தில் போய் உட்காரும். ஊசிமுனை போன்ற கூர்மைகள்கூடப் பிசகாமல் வருவது இதனால்தான். (ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனித் தாள் வெட்டி, துணியை அதன்மேல் மடக்கிக் கையால் கோக்கும் இங்கிலீஷ் பேப்பர் பீசிங் வேறு. இங்கிலாந்தின் குவில்ட்டர்ஸ் கில்டிடம் இருக்கும் 1718ஆம் ஆண்டுப் பட்டு ஒட்டுப்போர்வை அந்த வகை. அதில் துணியைத் துண்டின் வடிவத்துக்கே வெட்டுவதால் சேதம் குறைவு.)

இங்கே சேதத்துக்குக் காரணம் அந்தப் புரட்டல். துணி தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, தலைகீழாகக் கிடக்கிறது, தைத்த பிறகுதான் திரும்புகிறது. அது எங்கே போய் விழும், மூலை வரை எட்டுமா என்று தைக்கும்வரை நிச்சயமில்லை. ஆகவே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வெட்டுகிறோம். ‘இடத்தைவிடச் சுற்றிலும் அரை இஞ்ச் பெரிதாக வெட்டுங்கள்’ என்றுதான் வடிவக் குறிப்புகளும் பெரும்பாலும் சொல்கின்றன. எந்தத் திசையில் அரை இஞ்ச், கூர்முனையில் அது எவ்வளவாக நீளும் என்பதெல்லாம் இருக்காது. பயம் போனால்தான் கத்தரி அடங்கும். பயம் போக வேண்டுமானால் துண்டின் வடிவம் வெட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஃப்ளையிங் கீஸ் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு பெரிய முக்கோணம். குவில்ட் தைப்பவர்கள் அதை வாத்து என்பார்கள். இரண்டு ஓரத்திலும் சிறிய முக்கோணங்கள், அவை வானம். தைத்து முடித்த அளவு 2 × 4 இஞ்ச். வழக்கமாகக் கைக்கு வந்தபடி வெட்டுகிறவர் வாத்துக்கு 6 × 4 செவ்வகம் ஒன்றும், வானத்துக்கு 4 இஞ்ச் சதுரம் இரண்டும் எடுப்பார். மொத்தம் 56 சதுர இஞ்ச். இப்போது இதையே முக்கோணமாக யோசித்து வெட்டினால்: வாத்துக்கு 5⅞ இஞ்ச் சதுரம் ஒன்றை இரு மூலைவிட்டத்திலும் வெட்டினால் நான்கு வாத்து. வானத்துக்கு 3¼ இஞ்ச் சதுரம் ஒன்றை மூலைக்கு மூலை ஒரே வெட்டு வெட்டினால் இரண்டு வானம். ஒரு வாத்துக்கு 8.6, இரண்டு வானத்துக்கும் சேர்த்து 10.6, ஆக 19 சதுர இஞ்ச் சொச்சம். வேலையும் அதேதான், பிளாக்கும் அதேதான்.

நூறு வாத்துக்குப் போட்டுப் பாருங்கள். 44 இஞ்ச் அகலத் துணியில் கரை போக 42 வரும். கைக்கு வந்தபடி வெட்டினால் வாத்துத் துணி 60 இஞ்ச், வானத் துணி 80 இஞ்ச் நீளம் வேண்டும். சேர்த்தால் மூன்றரை மீட்டர். முக்கோணமாக வெட்டினால் 23½ இஞ்சும் 29¼ இஞ்சும் போதும், ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. துணி ஓரத்தைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் வைத்துக்கொண்டாலும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாது.

அந்த 5⅞, 3¼ எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் எந்த அளவுக்கும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். தையலுக்குக் கால் இஞ்ச், தச்சர் கணக்கில் சொன்னால் இரண்டு நூல். வைக்கும்போது கை அசைவதற்கு இன்னும் ஒரு நூல். ஆக சுற்றிலும் ⅜ இஞ்ச். செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், சுற்றிலும் ⅜ விடும்போது அந்தப் பக்கம் 1¼ இஞ்ச் சொச்சம் நீளும், ஏனென்றால் 45 டிகிரி மூலையில் விளிம்பு சாய்வாக வெளியே ஓடுகிறது. ஆகவே முடித்த அளவோடு 1¼ கூட்டிச் சதுரம் வெட்டி, இரண்டாகப் பிளக்க வேண்டும். இரண்டு பக்கத்தை விட்டு அடிப்பக்கத்தை வைத்துக் கணக்குப் போடும் வாத்து போன்ற முக்கோணத்துக்கு 1⅞ கூட்டிச் சதுரம் வெட்டி, நான்காகப் பிளக்க வேண்டும். சாதாரணத் தையலில் இதே முக்கோணங்களுக்கு ⅞, 1¼ என்று கூட்டுவார்கள். தாள் தையலில் கூடுதலாகப் போவது அந்த ஒரு நூல் விளிம்புக்காக மட்டும்.

எந்த முக்கோணத்தை இரண்டாகப் பிளப்பது, எதை நான்காகப் பிளப்பது என்பதில் துணியின் நெசவும் இருக்கிறது. பிளாக்கின் வெளி ஓரத்தில் வரும் பக்கம் நேர்நூலில், அதாவது நெசவு நூல் ஓடும் திசையிலேயே, இருக்க வேண்டும். வாத்தை இரண்டாகப் பிளந்த சதுரத்திலிருந்து எடுத்தால் அதன் அடிப்பக்கம் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வந்துவிடும். தாள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தாளைக் கிழித்த அன்று ரப்பர்போல இழுபடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2 × 4 அளவு வாத்துக்குத் தாளே வேண்டாம். 5¼ இஞ்ச் சதுரம் ஒன்று, 2⅞ இஞ்ச் சதுரம் நான்கு எடுத்து நான்கு வாத்தை ஒரே சமயத்தில் தைக்கும் முறை இருக்கிறது. அதில் ஒரு வாத்துக்கு 15 சதுர இஞ்ச்தான் ஆகிறது. தாளை எடுக்கவேண்டிய இடம் குறுகிய கோணமும், ஸ்கேலில் பிடிபடாத அளவும், வளைவுக்குள் நிற்கும் முட்களும் (ஒல்லியான கூர் முக்கோணங்கள்). எளிய வடிவத்தையும் தாளில் தைப்பதே பாதிச் சேதம் என்பது என் கட்சி.

இருசமபக்க முக்கோணத்தோடு கணக்கு முடிந்துவிட்டால் நல்லதுதான். நிஜ வடிவங்களில் பெரும்பாலும் வருவது நீள முக்கோணம், அதாவது ஒரு செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் வரும் பாதி. முடித்த அளவு 2 × 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கத்துக்கும் முக்கால் முக்கால் கூட்டி 2¾ × 4¾ செவ்வகம் வெட்டிப் பிளந்தால், தைத்துப் புரட்டியதும் கூர்மையான மூலையில் தாள் தெரியும். சரியாக வரவேண்டுமானால் 3 × 6 வெட்ட வேண்டும். குட்டைப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச் போதும், நீளப் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் வேண்டும். மூலை கூராகக் கூர, விளிம்பு முனையைத் தாண்டி ஓடும் தூரம் அதிகமாகிக்கொண்டே போகும். இது தெரியாமல் ஒருமுறை துணி எட்டாமல் போனவர் அடுத்தமுறை எல்லாப் பக்கத்திலும் இரண்டு இஞ்ச் கூட்டுவார். பெரிய வெட்டுப் பழக்கம் ஆரம்பிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

செவ்வகத்தைப் பிளப்பதில் இடம் வலம் என்ற சிக்கலும் உண்டு. ஒரே மூலைவிட்டத்தில் பிளந்தால் கிடைக்கும் இரண்டு பாதியும் ஒரே கை. இரண்டும் இடக்கை, அல்லது இரண்டும் வலக்கை. பிளாக்கில் இரு புறமும் சாய்கிற துண்டுகள் இருந்தால், பாதிச் செவ்வகங்களை ஒரு மூலைவிட்டத்திலும் மீதியை எதிர் மூலைவிட்டத்திலும் பிளக்க வேண்டும். அல்லது இரண்டு செவ்வகத்தை நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேர்த்து அடுக்கி ஒரே வெட்டில் பிளந்தால் ஜோடி தானாக வரும்.

இனி முட்கள். நியூயார்க் பியூட்டி மாதிரியான வடிவங்களில் கால்வட்ட வளைவில் வரிசையாக முட்கள் நிற்கும். பேப்பர் பீசிங் குப்பையின் தாயகம் இதுதான். அடி 1¼ இஞ்ச், உயரம் 3 இஞ்ச் உள்ள ஒரு முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ⅜ விட்டு வரைந்தால் முனை ஈட்டிபோல மேலே நீண்டுகொண்டு போகும். 20 டிகிரி முனையில் வெறும் கால் இஞ்ச் விளிம்பே முனையைத் தாண்டி ஏறக்குறைய 1½ இஞ்ச் போய்விடுகிறது. அதைத் தொடரவேண்டிய அவசியமே இல்லை. முனைக்கு மேல் ⅜ இஞ்சில் குறுக்கே வெட்டிவிடலாம். தையலுக்கு வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது. அப்போது முள் முக்கோணமாக இல்லாமல் ஒரு சரிவகமாக ஆகிறது: அடி 2¼, மேல் ⅝, உயரம் 3¾.

சரிவகம் ஆனதும் ஒரு லாபம் கூடவே வருகிறது. 3¾ இஞ்ச் அகலப் பட்டை ஒன்றை வெட்டி, முதல் துண்டை நிமிர்த்தியும் அடுத்ததைக் கவிழ்த்தும் மாற்றி மாற்றி வெட்டுங்கள். ஒரு சாய்வு வெட்டு இரண்டு துண்டுக்கும் பக்கமாகிறது. 42 இஞ்ச் பட்டையில் 28 முட்கள் கிடைக்கும். அதே பட்டையை 2¼ இஞ்ச் செவ்வகங்களாக வெட்டினால் 18தான். 3 × 5 செவ்வகங்களாக வெட்டுபவருக்கு 5 இஞ்ச் பட்டையில் 14. கவிழ்த்து வைப்பதால் இடக்கை வலக்கையாகிவிடுமோ என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. துணியைச் சுற்றினால் கை மாறாது, புரட்டினால்தான் மாறும். தலைகீழாக நிற்கக்கூடாத பூவோ யானையோ அச்சிட்ட துணியாக இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

பட்டையில் முதல் சாய்வை அளந்து வெட்டிவிட்டால் போதும். ஒரு சரிவகத்தை அட்டையில் வெட்டி, ஸ்கேலின் அடியில் ஒட்டிக்கொண்டால் மீதியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். ரோட்டரி கட்டரில் (உருளும் வட்டக் கத்தி) நாலு அடுக்குக்கு மேல் போனால் அடித்துணி நகரும். கத்தரிக்கோலானால் இரண்டோடு நிறுத்துங்கள்.

எந்தச் சூத்திரத்திலும் அடங்காத, ஐந்து பக்கமும் ஐந்து விதமாக இருக்கும் துண்டுகளுக்கு என்ன செய்வது? பறவை, பூனை, வீடு என்று உருவம் வரும் வடிவங்களில் பாதித் துண்டு அப்படித்தான். அதற்கு வடிவத்தின் கூடுதல் நகல் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பிளாக்குக்கு ஒன்று வேண்டாம், வடிவத்துக்கு ஒன்று போதும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் எண், நிறம், நேர்நூலைக் காட்டும் அம்புக்குறி மூன்றையும் எழுதுங்கள். பிளாக்கின் வெளி ஓரத்தைச் சிவப்புப் பென்சிலில் தீட்டுங்கள். பிறகு கோட்டோடு கோடாக வெட்டிப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு அச்சு, அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள். துணிமேல் வைத்து, ஸ்கேலின் ⅜ கோடு தாளின் ஓரத்தில் வருமாறு பிடித்துச் சுற்றிலும் வெட்ட வேண்டியதுதான். தாள் நகராமலிருக்கப் பசைக்குச்சியில் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

சிவப்பு தீட்டியதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வடிவங்களில் வெளி ஓரத்துக் கால் இஞ்ச் ஏற்கெனவே சேர்த்துத்தான் அச்சிட்டிருப்பார்கள், உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. வெளிக் கோட்டில் வெட்டிய அச்சுக்கு அந்தப் பக்கம் மறுபடி ⅜ விட்டால் ஒரே விளிம்பை இரண்டு தடவை விட்டதாகும். சிவப்புப் பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது ⅛ இஞ்ச், போதும்.

அச்சை எந்த முகமாக வைப்பது என்பதில்தான் அதிகத் துணி பாழாகிறது. தாளில் இருப்பது பிளாக்கின் கண்ணாடிப் பிம்பம். தைக்கும்போது மேலே அச்சு முகம், அதன் கீழே வெற்று முகம், அதற்கும் கீழே துணியின் உள்பக்கம், கடைசியில் நல்ல பக்கம். வெட்டும்போதும் அதே அடுக்கு வேண்டும். துணியின் உள்பக்கம் மேலே பார்க்க, அதன்மேல் அச்சு முகம் மேலே பார்க்கத் தாள். நல்ல பக்கத்தின்மேல் எண் தெரியும்படி வைத்து வெட்டினால் எல்லாத் துண்டும் இடம் வலம் மாறி வரும். இருபது பிளாக்குக்கு அடுக்கி வெட்டியிருந்தால் இருபதும் போச்சு. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஒன்று சரியாகவும் இன்னொன்று எதிர்க் கையாகவும் வரும். இரண்டு கையும் வேண்டிய வடிவத்துக்கு மட்டும்தான் மடிப்பு.

இந்தக் குழப்பமே இல்லாத துணிகள் நம் ஊரில் நிறைய. நூலுக்கே சாயம் ஏற்றி நெய்யும் மெட்ராஸ் செக்ஸ் மாதிரியான கட்டம் போட்ட பருத்திகளுக்கு இரண்டு முகமும் ஒன்றுதான். எதிர்க் கையாக வெட்டியதைப் புரட்டிப் போட்டால் வேலை முடிந்தது. கத்தரித்து மிஞ்சியதும் எந்தப் பக்கமாகவும் பொருந்தும். ஆனால் கைத்தறியில் நெசவு தளர்வாக இருந்தால் ஓரத்து நூல் உதிர்ந்து ⅜ என்பது கால் ஆகிவிடும். முதலில் துவைத்து, சாயம் இறங்குகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கொஞ்சம் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டபின் வெட்டுங்கள். திருப்பூர்ப் பின்னலாடைத் துண்டு மூட்டையாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: பனியன் துணி இதற்கு ஒத்துவராது. தாளில் இருக்கும்போது சமர்த்தாக இருக்கும். தாளை எடுத்ததும் இழுபடும்.

துணியைச் சிக்கனமாக வெட்டியாயிற்று. இப்போது தைப்பவர் கையில் பிசகு இருக்கக்கூடாது, ஏனென்றால் விட்டிருப்பது ஒரு நூல்தான். 4 இஞ்ச் நீளக் கோட்டில் துணியின் ஓரம் 5 டிகிரி சாய்ந்தால் மறுமுனை ⅓ இஞ்சுக்கு மேல் விலகும். நாம் விட்ட விளிம்பு முழுதும் அதிலேயே தீர்ந்துவிடும். கண்மட்டத்தில் வைத்தால் இந்தச் சாய்வு சர்வசாதாரணம். தாளை முதலில் மடக்கி, முன்பு தைத்த துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டால் சாய்வதற்கு வழியே இருக்காது.

அடுத்துத் தைக்கவேண்டிய கோட்டில் ஒரு அஞ்சல் அட்டையின் ஓரத்தை வையுங்கள். தாளை அட்டையின்மேல் மடக்குங்கள். முன்பு தைத்த துணி மடிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பிலிருந்து கால் இஞ்ச் அளந்து அதை வெட்டுங்கள். ஆட்-எ-குவார்ட்டர் என்று இதற்கென்றே அடியில் படி வைத்த ஸ்கேல் விற்கிறது. கால் இஞ்ச் கோடு போட்ட சாதாரண ஸ்கேலும் செய்யும். இப்போது புதுத் துண்டின் நேர் ஓரத்தை இந்த வெட்டிய ஓரத்தோடு சேர்த்து வைத்தால் போதும், கோணம் தானாகச் சரியாகிறது. ஆகவே புதுத் துண்டின் அந்த ஒரு பக்கத்துக்கு ⅜ வேண்டாம், கால் இஞ்ச்சே சரியளவு. நெடுக்குவாட்டில் நடு எங்கே வருகிறது என்பதற்கு, புதுத் துண்டின் தைக்கும் பக்கத்தை மடித்து விரலால் ஒரு கீறு, தாளிலும் கோட்டின் நடுவில் ஒரு பென்சில் புள்ளி. இரண்டையும் நேர்படுத்துங்கள்.

தைக்கும் முன் ஒரு சோதனை. கோட்டின்மேல் இரண்டு குண்டூசி குத்தி, துணியைப் புரட்டி, ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். இரவானால் கண்ணாடி மேசைக்கடியில் கைபேசி டார்ச். அடுத்த எண்ணின் கோடுகளைத் தாண்டி எல்லாப் பக்கத்திலும் துணியின் நிழல் கால் இஞ்ச் தெரிகிறதா? தெரிந்தால் புரட்டி வைத்துத் தையுங்கள். பத்து விநாடி வேலை. இதைச் செய்ய அலுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு துண்டையும் ஒரு இஞ்ச் பெரிதாக வெட்டுகிறோம்.

தையல் நீளம் 1.5 மி.மீ., ஊசி 90/14. நெருங்கிய தையலும் தடித்த ஊசியும் தாளில் துளை வரிசை போட்டுவிடும், பின்னால் தபால்தலைபோலக் கிழியும். கோட்டுக்குக் கால் இஞ்ச் முன்னால் தொடங்கி, முடிந்தபின் கால் இஞ்ச் தாண்டி நிறுத்துங்கள். நீராவி இல்லாத இஸ்திரி. ஈரம் பட்டால் தாள் சுருண்டு அளவே மாறிவிடும். 1.5 மி.மீ. தையலைப் பிரிப்பது தனிக் கொடுமை. தாள் கிழியும், கிராஸ் ஓரம் இழுபட்டுப் பிசிறும், பிரித்த துணி பெரும்பாலும் மறுபடி அதே இடத்துக்கு ஆகாது. எட்டாமல் போன ஒரு துண்டு, பெரிதாக வெட்டிய நாலு துண்டைவிட அதிகமாகத் தின்னும். ⅜ என்று சொல்லிவிட்டுக் கால் இஞ்சுக்கு எல்லாவற்றையும் இறக்காமலிருப்பது அதனால்தான். கிழிந்த தாளை டேப் போட்டு ஒட்டினால் அச்சு முகத்தில் ஒட்டுங்கள். அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது, உருகும்.

அச்சிடும்போதே எல்லாம் கோணலாகும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க வடிவங்கள் பெரும்பாலும் லெட்டர் அளவுத் தாளுக்குச் செய்தவை, அகலம் 8½ இஞ்ச். நம் ஏ4 தாளின் அகலம் 8¼ சொச்சம். அச்சுப்பொறியில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று இருந்தால் வடிவம் ஏறக்குறைய 97 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 12 இஞ்ச் பிளாக்கில் அது ⅓ இஞ்ச். தனியாகப் பார்த்தால் தெரியாது. வேறு நாளில் சரியான அளவில் அச்சிட்டதோடு சேர்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் துணி போயிருக்கும். நூறு விழுக்காட்டில் அச்சிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு இஞ்ச் சோதனைக் கட்டத்தை ஸ்கேலால் அளந்தபிறகே அடுத்த பக்கம்.

எவ்வளவு கணக்காக வெட்டினாலும் தையலுக்குள் மறையும் துணி ஒன்று இருக்கிறது. கூடையில் விழாததால் யாரும் அதைச் சேதமாக எண்ணுவதில்லை. 2 × 4 வாத்தில் கண்ணுக்குத் தெரிவது 8 சதுர இஞ்ச். துண்டுகளைத் துல்லியமாகக் கால் இஞ்ச் விட்டு வெட்டினாலே 15 ஆகிறது. பாதிக்குக் கொஞ்சம் கீழே தையலுக்குள் போய்விட்டது. அதே வாத்தை 1 × 2 ஆகச் சுருக்கினால் தெரிவது 2, செலவு 6. மூன்றில் இரண்டு பங்கு உள்ளே! சின்னத் துண்டு தைத்தால் துணி மிச்சம் என்பது வெறும் நினைப்பு. துண்டுத் துணியில் தைத்தால் அது வேறு. அதற்காகவே புதுத் துணி வாங்குவதானால் வடிவத்தைப் பெரிதாக்குவதுதான் லாபம்.

வடிவத்தையே கொஞ்சம் மாற்றவும் செய்யலாம். எண்களுக்கு நிறம் தீட்டிப் பாருங்கள். பின்புலத்தில் 7, 8 இரண்டும் ஒரே நிறம், இடையில் ஒரு தையல் மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்தத் தையல் ஏன் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அடுத்த துண்டைச் சேர்க்க அது தேவையாக இருந்தால் விட்டுவிடுங்கள். தேவையில்லை என்றால் கோட்டை அழித்து ஒரே துண்டாக்குங்கள். அரை இஞ்ச் அகலத் துணி மிச்சம், தடிப்பும் குறைவு. துணியில் அச்சிட்ட பூ துண்டின் நடுவில் வரவேண்டும் என்று தேடித் தேடி வெட்டுவதைப் பற்றி என் கருத்து கடுமையானது: பிளாக்கின் நடுத்துண்டு ஒன்றுக்கு மட்டும் அனுமதி. எல்லாத் துண்டுக்கும் செய்தால் மீதித் துணி எலி கடித்ததுபோல ஓட்டை ஓட்டையாக நிற்கும், ஒரு பட்டைகூட எடுக்க முடியாது.

வெட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். எண்படி வெட்டாதீர்கள். எல்லாப் பிளாக்குக்கும் பெரிய துண்டுகளை முதலில் வெட்டி, அவற்றின் ஓரத்தில் மிஞ்சுவதில் அடுத்த பெரியது, அதன் மிச்சத்தில் சிறியது. அச்சுத் தாள்கள் கையில் இருப்பதால் மிச்சத் துண்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பது எளிது. உள்ளே வரும் துண்டுகளுக்கு நூல் திசை கொஞ்சம் சாய்ந்தாலும் பாதகமில்லை, தாள் பிடித்துக்கொள்ளும். வெளி ஓரத்துத் துண்டுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளாக்குகளைச் சேர்த்துத் தைத்து முடியும்வரை தாளையும் கிழிக்காதீர்கள்.

பிறகும் மிஞ்சியதை நிறவாரியாகப் பிரித்து வைப்பதுதான் பலருக்கும் வழக்கம். அகலவாரியாகப் பிரித்தால் நிஜமாகவே மறுபடி பயன்படும். 1½, 2, 2½, 3½ இஞ்ச் என்று நாலு டப்பா. ஒவ்வொரு மிச்சத்தையும் அதற்குக் கிடைக்கும் பெரிய அகலத்துக்குப் பட்டையாக வெட்டிப் போட்டால், அடுத்த வடிவத்தில் முள் வேண்டும்போது டப்பாவைத் திறந்தால் போதும். சுருட்டிக் கட்டிய மூட்டையில் யாரும் கைவிடுவதில்லை.

ஒரு இஞ்சுக்குக் கீழே உள்ளவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள், இடம்தான் அடையும். மனசு கேட்கவில்லையென்றால் ஊசிமெத்தைக்குள் அடைக்கலாம், ஒரு சின்ன மெத்தையே வியக்கும்படி நிறைய விழுங்கும். அடைக்கும் முன் ஒட்டிக்கொண்டிருக்கும் தாள் துணுக்குகளை உதறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசி குத்தும்போதெல்லாம் கரகரக்கும். குவியலின்மேல் ஒரு காந்தத்தையும் இரண்டு தடவை ஓட்டிவிடுங்கள், உடைந்த ஊசி நுனி எங்காவது கிடக்கும்.